கோடு வரட்டும், அப்புறம் கையைத் தூக்கலாம்!

2024-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி. நம் வீடுகளில் அன்று வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடியும் பாயசமுமாக நாம் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையில், நெதர்லாந்து தேசத்தின் தென் கோடியில், லிம்பர்க் மாகாணத்தில், பெண்களுக்கான பெரிய சைக்கிள் பந்தயம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஆம்ஸ்டெல் கோல்டு ரேஸ் என்று பெயர். குட்டிக் குட்டிக் குன்றுகளின் மேல் ஏறி இறங்குகிற பந்தயம். இடையில் நேர்ந்த ஒரு விபத்தினால் அன்று தூரத்தைச் சுமார் 100 கிலோமீட்டராகக் குறைத்து விட்டார்கள். முடிவில் ஒரு சிறு கூட்டம் ஒன்றாகவே எல்லையை நெருங்கியது.

அந்தக் கூட்டத்தில் லோரீனா வீபஸ் இருந்தார். வயது 25. கடைசிப் பாய்ச்சலில் இவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் வாங்கியவர். மரியானே வோஸும் இருந்தார். அவருக்கு வயது 36. பத்தொன்பதாவது வயதிலேயே, 2006-ல், உலகச் சாம்பியன் ஆனவர். 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் கொட்டும் மழையில் தங்கப் பதக்கம் வென்றவர். இருவரும் ஒரே தேசத்துப் பெண்கள்தான்.

வீபஸ் சீறிக்கொண்டு பாய்ந்தார். கோடு இதோ வந்து விட்டது. ஜயித்தாயிற்று என்ற பூரிப்பில் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். அதே கணத்தில் வோஸ் தம் சைக்கிளை முன்னால் ஒரு தள்ளுத் தள்ளினார். கோட்டை முதலில் தொட்டது வோஸின் டயர்!

"ஐயோ பாவம்!" என்றுதானே சொல்லத் தோன்றுகிறது? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கை எடுத்தால் பந்தயமே போய் விடுவானேன்? அதைப் புரிந்துகொள்ள, முதலில் காற்றைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

ஆடி மாதத்து எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்த அனுபவம் உங்களுக்கு உண்டா? இல்லாவிட்டால் வீட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கதை கதையாகச் சொல்வார்கள். பந்தயக்காரர்களுக்கோ காற்றே அடிக்காத நாளிலும் அந்தக் கதிதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகிறது. அதைத் தள்ளிக்கொண்டு போக எட்டு மடங்கு சக்தி வேண்டும். ஆனால் முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தை ஒட்டினாற்போலப் போனால், அவருடைய முதுகு நமக்குச் சுவராகி விடுகிறது. கால் பங்குக்கு மேல் சக்தி மிச்சம். திருவிழாக் கூட்டத்தில் ஆகிருதியான ஒரு மாமியின் பின்னால் ஒண்டிக்கொண்டு நடப்பதில் உள்ள சௌகரியம் உங்களுக்குத் தெரிந்ததுதானே?

ஆகையால், கடைசியில் வேகமாகப் பாய வேண்டியவர் பந்தயம் முழுவதும் ஒளிந்துகொண்டே வருவார். அவர் முகத்தில் காற்றுப் படாமல் பார்த்துக்கொள்ளுவது தோழர்களின் வேலை. எல்லை நெருங்கும்போது அவர்கள் ரயில் வண்டி மாதிரி வரிசையாகக் கோத்துக்கொள்ளுவார்கள். முதல் ஆள் மூச்சுள்ள வரைக்கும் மிதித்து விட்டு விலகுவார். அடுத்தவர் முன்னால் வருவார். அவரும் விலகுவார். கோட்டுக்குச் சுமார் 200 மீட்டர் இருக்கும்போது கடைசித் தோழரும் ஒதுங்க, அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து நம் வீரர் வில்லிலிருந்து அம்பு போல் கிளம்புவார். அந்தக் கடைசித் தோழருக்குப் படமும் கிடையாது, பூச்செண்டும் கிடையாது. இந்த விளையாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான்! எப்போதாவது அவருக்கும் ஒரு நல்ல நாள் வரும். 2009-ல், பிரான்ஸ் நாட்டைச் சுற்றுகிற டூர் பந்தயத்தின் கடைசி நாள், பாரிஸ் நகரத்து ஷாம்ஸ் எலிஸே வீதியில் மார்க் கேவண்டிஷ் முதலாவதாக வந்தார். அவருக்கு வழி விட்ட மார்க் ரென்ஷா, மற்றவர்கள் நெருங்குவதற்குள் தாமும் இரண்டாவதாக வந்து சேர்ந்து விட்டார். கேவண்டிஷ் 2024-ல் தம்முடைய 35-வது டூர் கட்டத்தை வென்று, மெர்க்ஸின் 34 என்ற கணக்கைத் தாண்டினார்.

எப்போது கிளம்புவது என்பதில்தான் சூட்சுமம் எல்லாம். பால் பொங்குகிற நேரத்தை உங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கண் எங்கே இருந்தாலும் கை தானாக அடுப்புக்குப் போகிறதே, அந்த மாதிரிக் கணக்கு இது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 200 மீட்டர் என்றால் வெறும் 12 விநாடி. முந்திக் கிளம்பினால் காற்றுக்கு எதிரில் தனியாக நின்று, கோட்டுக்கு முன்னாலேயே கால் சோர்ந்து போகும். பிந்திக் கிளம்பினாலோ, உடம்பில் பலம் மிச்சம் இருக்கும். ரோடு மிச்சம் இராது.

இனிமேல்தான் கை விஷயம். கோட்டருகில் வந்ததும், மடக்கி வைத்திருந்த இரண்டு கைகளையும் சட்டென்று முன்னால் நீட்ட வேண்டும். இடுப்பு, சீட்டுக்கும் பின்னால் போய் விடும். வயிறு ஏறக்குறைய சீட்டின் மேலேயே படியும். உடம்பு பின்தங்க, சைக்கிள் மட்டும் முன்னால் பாய்கிறது. "சைக்கிளை எறிவது" என்று பெயர். ஒரு தடவைதான் எறியலாம். ஒரு கணம் முந்திச் செய்தாலும் வீண். எறிந்த பிறகு வேகம் குறையத்தானே செய்யும்? ஆனால் சரியாகச் செய்தால் ஒரு டயரின் அகலத்துக்கு மேலேயே லாபம். அந்த லாபத்துக்கு மதிப்பு உண்டு. ஏனென்றால் சட்டம் பார்ப்பது ஆளுடைய தலையையோ காலையோ அல்ல. முன் டயர் கோட்டின் விளிம்பைத் தொடுகிற கணத்தைத்தான். அந்தக் கோடு 72 சென்டிமீட்டர் வெள்ளைப் பட்டையின் நடுவில் போட்ட 4 சென்டிமீட்டர் கறுப்புக் கோடு. அதை மட்டுமே பார்த்துக்கொண்டு ஒரு காமிரா, விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை படம் பிடிக்கிறது.

அந்தக் காமிரா 2017-ல் சொன்ன தீர்ப்பைக் கேளுங்கள். டூர் பந்தயத்தின் ஏழாம் நாள். த்ருவா நகரத்திலிருந்து 213 கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வந்து, மார்சல் கிட்டலும் எட்வால்ட் போவாசன் ஹாகனும் சேர்ந்தாற்போல் சைக்கிளை எறிந்தார்கள். கிட்டல் ஜயித்தார். வித்தியாசம் 6 மில்லிமீட்டர்! ஓர் அரிசியின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போவாசன் ஹாகன் பாடம் கற்றவர் போல, பத்தொன்பதாம் நாள் கடைசிச் சில கிலோமீட்டரில் தனியாகவே பிய்த்துக்கொண்டு போய், காமிராவுக்கு வேலையே வைக்காமல் ஜயித்தார்.

அரிசியளவில் ஜயமும் தோல்வியும் இருக்கும்போது கையைத் தூக்கினால் என்ன ஆகும்? நிமிர்ந்த மார்பில் காற்று மோதும். மிதிப்பது நிற்கும். எறிவதற்கோ கைப்பிடியில் கையே இல்லை! மூன்று நஷ்டம் ஒரே சமயத்தில். 2004-ல் இத்தாலியில், மிலான்–சான் ரெமோ பந்தயத்தில் எரிக் சாபெலுக்கு இதுதான் நேர்ந்தது. அந்தப் பந்தயத்தை அதற்கு முன் நாலு முறை வென்ற மனுஷர்! கைகளை விரித்தார், பக்கத்தில் ஆஸ்கார் பிரெய்ரே சைக்கிளை எறிந்தார், ஐந்தாவது வெற்றி பறந்தது. 2020-ல் பெல்ஜியத்து லியேஜ் பந்தயத்தில் ஜூலியன் அலாபிலிப்புக்கும் அதே கதை. ஒரு வாரத்துக்கு முன்புதான் உலகச் சாம்பியன் ஆனவர். கையைத் தூக்கினார், ப்ரிமோஷ் ரோக்லிச் முந்தினார். போதாக்குறைக்கு, பாய்ச்சலின்போது வழி மாறி மற்றவர்களைத் தடுத்தாரென்று நடுவர்கள் அவரை ஐந்தாம் இடத்துக்கே தள்ளி விட்டார்கள்.

வழி மாறுவதில் கண்டிப்பு அவசியந்தான். அதே 2020 ஆகஸ்டில், போலந்தில், டைலன் க்ரூனவேகன் ஓரமாகச் சாய்ந்ததில் பாபியோ யாகப்சன் தடுப்பின் மேல் போய் விழுந்து, நினைவின்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். க்ரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. 2022-ல் டூர் பந்தயம் டென்மார்க்கில் தொடங்கியபோது இரண்டாம் நாள் ஜயித்தவர் யாகப்சன். மூன்றாம் நாள் ஜயித்தவர் க்ரூனவேகன்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கையைத் தூக்குகிறார்கள் என்று கேட்பீர்கள். சட்டையின் மார்பில் பணம் கொடுக்கிற கம்பெனியின் பெயர் இருக்கிறது. மறுநாள் படத்தில் அது தெரிய வேண்டாமா? அது ஒரு காரணம். மற்றது, மணிக்கணக்காக அடக்கி வைத்த சந்தோஷம்.

வீபஸ் என்ன ஆனார் என்று சொல்லாமல் விட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். 2025 மார்ச் 22-ந் தேதி, ஜெனோவாவிலிருந்து சான் ரெமோ வரை 156 கிலோமீட்டர், பெண்களுக்கான பந்தயம். சாபெல் கைகளை விரித்துத் தோற்ற அதே சான் ரெமோ. கடைசிப் பாய்ச்சலில் முதலாவது வந்தவர் லோரீனா வீபஸ். இரண்டாவது, மரியானே வோஸ்.