எந்திரக் கையில் பணப்பை

தூங்கும்போதே சம்பாதிக்கலாம் என்கின்றன பங்குச் சந்தைக்கும் அன்னியச் செலாவணிக்குமான தானியங்கி மென்பொருள்கள். லாபம் யாருடைய கணக்கில் ஏறுகிறது என்பதை செபியின் ஆய்வு காட்டிக் கொடுக்கிறது.

ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் தங்கம். இந்தக் கணக்கு சித்தூர் மாவட்டத்தின் குடுபல்லிக்குப் புதிதல்ல. மண்டலத்துக்குள்ளேயே இருந்த சிகர்குண்டா, பிசநத்தம் தங்கச் சுரங்கங்கள், பக்கத்திலுள்ள கோலார் தங்க வயலைப் போலவே 2001ல் மூடப்பட்டன. ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றும் நெருங்கி வரும் இந்த மூலையில் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. பிழைப்புக்கு வழி மழையை நம்பிய விவசாயம், பட்டுப்புழு, பால் மாடு, இல்லாவிட்டால் பெங்களூர் ரயில்.

சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அதே பெங்களூரில்தான் நாட்டின் மிகப் பெரிய பங்குச் சந்தை புரோக்கர் நிறுவனங்களான ஜெரோதாவும் குரோவும் இயங்குகின்றன. சந்தைக்குப் போக இப்போது ரயில் ஏற வேண்டியதில்லை. ஒரு கைபேசி, பான் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு இருந்தால் போதும். புரோக்கர் கணக்கு திறந்த கையோடு அடுத்த அழைப்பும் வந்து நிற்கிறது. “நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். வாங்குவதையும் விற்பதையும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.”

இந்த அழைப்பு மும்பைக்காரர்களை மட்டும் குறிவைக்கவில்லை. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, எதிர்கால ஒப்பந்தம், ஆப்ஷன் என்ற இரண்டிலும் வியாபாரம் செய்த தனிநபர்களில் 72 சதவீதத்துக்கும் அதிகமானோர் நாட்டின் முதல் 30 நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். நான்கில் மூவரின் ஆண்டு வருமானம் ரூ.5 லட்சத்துக்கும் குறைவு. 2023-24ல் இந்தச் சந்தையில் இருந்தவர்களில் 43 சதவீதம் பேர் 30 வயதைத் தாண்டாதவர்கள். முந்தைய ஆண்டில் இது 31 சதவீதமாக இருந்தது.

எந்திரம் என்ன செய்கிறது?

அல்காரிதம் வியாபாரம் என்ற பெயர் மிரட்டினாலும் அடிப்படை எளிது. எப்போது வாங்குவது, எப்போது விற்பது, எவ்வளவு நஷ்டத்தில் வெளியேறுவது என்ற விதிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அவற்றை நிறைவேற்றும். மிகப் பழைய உதாரணம் சராசரிகளின் சந்திப்பு. ஒரு பங்கின் கடந்த 50 நாள் சராசரி விலை 200 நாள் சராசரியைத் தாண்டி மேலே போனால் வாங்கு, கீழே இறங்கினால் விற்றுவிடு. சந்தை ஒரே திசையில் ஓடும் மாதங்களில் இந்த விதி லாபம் தருகிறது. திசையில்லாமல் மேலும் கீழும் ஆடும் மாதங்களில், விலை ஏறிய பிறகு வாங்கி இறங்கிய பிறகு விற்கும் வேலையை எந்திரம் அலுக்காமல் செய்துகொண்டிருக்கும்.

எந்திரத்துக்கு நிஜமான சில அனுகூலங்கள் உண்டு. அதற்குப் பயமில்லை, பேராசையில்லை. “இன்னும் கொஞ்சம் பொறுத்தால் விலை திரும்பிவிடும்” என்ற நப்பாசையில் அது நஷ்டத்தைக் கட்டிக்கொண்டு அழாது. ஆனால் அது தனக்குச் சொல்லப்பட்டதை மட்டுமே செய்யும். விதி தவறாக இருந்தால் அந்தத் தவறை மனிதனைவிடப் பல மடங்கு வேகத்தில் செய்யும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் நிறுவனத்தில், பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டிருந்த பழைய நிரல் ஒன்று தவறுதலாக உயிர்பெற்றது. சுமார் 45 நிமிடத்தில் நஷ்டம் ஏறக்குறைய 44 கோடி டாலர். அப்படிப்பட்ட நிறுவனத்தையே அது நிலைகுலைய வைத்தது என்றால், பட்டுக்கூடு விற்ற பணத்தில் கணக்கு தொடங்கியவர் எந்த மூலைக்கு?

விற்பனையாளர்கள் காட்டும் மேல்நோக்கிய வரைபடத்திலும் சூட்சுமம் உண்டு. பழைய விலைகளின் மேல் ஒரு விதியை ஓட்டிப் பார்ப்பதற்குப் பின்சோதனை என்று பெயர். நேர்மையாகச் செய்தால் பயனுள்ள காரியம்தான். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். நாணயத்தைச் சுண்டி முடிவெடுக்கும் 1,024 மென்பொருள்களை வைத்துக்கொள்வோம். முதல் மாதத்தில் பாதி ஜெயிக்கும், பாதி தோற்கும். அடுத்த மாதம் ஜெயித்தவற்றிலும் பாதி தோற்கும். பத்து மாதம் கழித்து சராசரியாக ஒன்று மட்டும் தொடர்ந்து பத்து முறையும் ஜெயித்து நிற்கும். விளம்பரத்தில் வருவது அந்த ஒன்று. மீதி 1,023ஐப் பற்றி மூச்சு விடுவதில்லை.

இன்னும் ஆபத்தானது, தோற்கும்போதெல்லாம் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் உத்தி. ஆயிரம் ரூபாயில் தொடங்கினால் தொடர்ந்து எட்டு முறை தோற்றவுடன் போனது ரூ.2.55 லட்சம். ஒன்பதாவது பந்தயத்துக்கு மட்டும் ரூ.2.56 லட்சம் வேண்டும். அதில் ஜெயித்தாலும் மொத்த லாபம் அதே ஆயிரம் ரூபாய்தான். பல மாதங்கள் தினமும் சிறு லாபம் காட்டிவிட்டு ஒரே நாளில் கணக்கைத் துடைத்துப் போடும் பல ‘ரோபோ’க்களின் உள்ளே இருப்பது இந்தப் பழைய சூதாட்டச் சூத்திரமே.

எந்திரத்தோடு எந்திரம்

செபியின் ஆய்வில் அதிர வைக்கும் பகுதி வேறு. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். சராசரி நஷ்டம் ஆளுக்கு ரூ.2 லட்சம். மொத்த நஷ்டம் ரூ.1.8 லட்சம் கோடிக்கும் மேல். செலவுகள் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம்.

அந்தப் பணம் ஆவியாகிவிடவில்லை. 2023-24ல் மட்டும், செலவுகளைக் கழிக்கும் முன், சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் சுமார் ரூ.33,000 கோடியும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் சுமார் ரூ.28,000 கோடியும் சம்பாதித்தன. அந்த லாபத்தில் முறையே 96, 97 சதவீதம் வந்தது அல்காரிதம் வியாபாரத்தின் மூலம். ஆக, எந்திரம் லாபம் தருகிறது என்ற விளம்பரம் முழுப் பொய்யல்ல. யாருடைய எந்திரம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெரிய நிறுவனங்கள் கட்டணம் செலுத்திப் பங்குச் சந்தையின் சர்வர்களுக்குப் பக்கத்திலேயே தங்கள் கம்ப்யூட்டர்களை வைத்துக்கொள்கின்றன. அவற்றின் ஆர்டர்கள் நொடியின் மிகச் சிறு பின்னத்தில் போய்ச் சேர்ந்துவிடும். கணித மேதைகள், கோடிக்கணக்கான மூலதனம், பல சந்தைகளில் ஒரே நேரத்தில் இயங்கும் திறன் எல்லாம் அங்கே. மாதச் சந்தாவுக்கு வாங்கிய மென்பொருளைக் கைபேசியில் ஓட்டுபவர், அதே களத்தில் அவற்றுக்கு எதிராக நிற்கிறார்.

அந்த ஏற்றத்தாழ்வு எவ்வளவு பெரியது என்பதை 2025 ஜூலை 3 அன்று அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் குழுமத்துக்கு எதிராக செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவு காட்டியது. காலையில் வங்கிப் பங்குகளை வாங்கிக் குவித்துக் குறியீட்டெண்ணைத் தூக்கிவிட்டு, அது இறங்கினால் லாபம் தரும் ஆப்ஷன்களைப் பெருமளவில் சேர்த்துக்கொண்டு, பிறகு பங்குகளை விற்றுத் தள்ளியது என்பது குற்றச்சாட்டு. 2024 ஜனவரி 17 அன்று ஒரே நாளில் ஆப்ஷனில் ரூ.734.93 கோடி லாபம், பங்குகளிலும் எதிர்கால ஒப்பந்தங்களிலும் ரூ.61.6 கோடி நஷ்டம் என்கிறது உத்தரவு. ரூ.4,843.57 கோடியை முடக்கவும் ஆணையிட்டது. குற்றச்சாட்டை மறுத்த நிறுவனம், தாங்கள் செய்தது வழக்கமான விலை வித்தியாச வியாபாரமே என்றது. பணத்தைக் கட்டிவிட்டு, 2025 செப்டம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போனது. வழக்கு எப்படி முடிந்தாலும் ஒன்று தெளிவு. இந்த ஆட்டத்தின் எதிர்முனையில் இருப்பவர் யார் என்பது சின்ன வியாபாரிக்குத் தெரிவதே இல்லை.

தோற்றாலும் ஜெயித்தாலும் கட்ட வேண்டியது கட்டணம். 2023-24ல் தனிநபர் ஒருவர் சராசரியாக ரூ.26,000 புரோக்கர் கட்டணம், சந்தைக் கட்டணம், வரி என்று செலவிட்டிருக்கிறார். எந்திரம் அடிக்கடி வாங்கி விற்க விற்க இந்தச் செலவும் ஏறும். இத்தனைக்குப் பிறகும், நஷ்டமடைந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் விடாமல் தொடர்ந்தார்கள். ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பை உயர்த்தி, வாராந்திர ஆப்ஷன்களையும் செபி குறைத்த பிறகு 2024-25ல் வியாபாரிகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கியது. ஆனால் நஷ்டம் குறையவில்லை. 91 சதவீதம் பேர் இழந்தார்கள். நிகர நஷ்டம் ரூ.74,812 கோடியிலிருந்து ரூ.1,05,603 கோடியாக எகிறியது.

டாலர் ஆசை

பங்குகளில் செபியாவது கண் வைத்திருக்கிறது. அன்னியச் செலாவணி ரோபோக்களின் உலகம் பெரும்பாலும் சட்டத்துக்கு வெளியே நடக்கிறது. இந்தியாவில் வசிப்பவர், அனுமதி பெற்ற வங்கிகள் மூலமோ அங்கீகரிக்கப்பட்ட பங்குச் சந்தைகளிலோ மட்டுமே செலாவணி வியாபாரம் செய்யலாம். ரூபாயோடு இணைந்த டாலர், யூரோ, பவுண்டு, யென் ஆகியவையும், இவற்றுக்கிடையிலான மூன்று ஜோடிகளும்தான் பங்குச் சந்தைகளில் அனுமதிக்கப்பட்டவை. ரூபாய் சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களுக்கு, ஏற்றுமதி இறக்குமதி போன்ற உண்மையான செலாவணித் தேவை இருக்க வேண்டும் என்பதையும் ரிசர்வ் வங்கி 2024 மே 3 முதல் கறாராக்கியது. வெளிநாட்டுத் தளங்களில் செலாவணி வியாபாரத்துக்கு மார்ஜின் பணம் அனுப்பத் தடை உண்டு. மீறினால் அன்னியச் செலாவணி நிர்வாகச் சட்டத்தில், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. அங்கீகாரமில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் 34 பெயர்களோடு வெளியிட்டது. பிறகு அது நீண்டுகொண்டே போனது.

இந்தத் தளங்களின் தூண்டில், கைவசம் உள்ளதைப் போல 500 மடங்கு வரை வியாபாரம் செய்யலாம் என்பது. விலை 0.2 சதவீதம் எதிர்ப்பக்கம் நகர்ந்தாலே மூலதனம் முழுவதும் காலி என்ற மறுபக்கத்தை அவை சொல்வதில்லை. டாலருக்கும் யூரோவுக்கும் அது சர்வ சாதாரணமான ஒரு நாள் அசைவு.

வியாபாரமே நடத்தாமல் வியாபாரத்தின் பெயரைச் சொன்னவர்களும் உண்டு. திருப்பூரின் பாசி ஃபாரெக்ஸ் நிறுவனம் 2008-09ல் செலாவணி வியாபாரத்தைக் காட்டி சுமார் ரூ.930 கோடி திரட்டியது. 2022 ஆகஸ்டில் கோவை நீதிமன்றம் இருவருக்கு 27 ஆண்டு சிறைத் தண்டனையும் ரூ.171 கோடிக்கு மேல் அபராதமும் விதித்தது. வசூலுக்கும் தீர்ப்புக்கும் நடுவே ஓடியது 13 ஆண்டு. சித்தூருக்குப் பக்கத்திலேயே, வேலூர் மாவட்டம் காட்பாடியை மையமாகக் கொண்ட ஒரு நிதி நிறுவனம் மாத வட்டி ஆசை காட்டி ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் திரட்டியதாகத் தமிழகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு 2022ல் வழக்குப் பதிவு செய்தது. மாநில எல்லை ஆசைக்கு வேலியாக இருப்பதில்லை. பணத்தை மீட்கப் போகும்போதுதான் அது குறுக்கே வருகிறது. முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1997லும் ஆந்திரத்தில் 1999லும் கர்நாடகத்தில் 2004லும் தனித்தனியே இயற்றப்பட்டது. குடுபல்லிக்காரர் பக்கத்து மாநிலத்து நிறுவனத்தில் ஏமாந்தால் அலைய வேண்டியது அந்த மாநிலத்து நீதிமன்றத்துக்கு.

மாதம் 8 சதவீதம் என்பதன் அபத்தம் ஒரு பெருக்கலில் விளங்கும். ஒரு லட்சம் ரூபாய் அந்த விகிதத்தில் கூட்டு வட்டியில் வளர்ந்தால் ஓராண்டில் சுமார் இரண்டரை லட்சம், மூன்று ஆண்டில் 16 லட்சம், பத்து ஆண்டில் 100 கோடிக்கும் மேல். அப்படி ஒரு எந்திரத்தை வைத்திருப்பவர் அதைச் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்க ஏன் அலைய வேண்டும்?

புதிய கடிவாளம்

செபி தாமதமாக விழித்துக்கொண்டது. லாபம் இவ்வளவு என்று விளம்பரம் செய்யும் அல்காரிதம் தளங்களோடு புரோக்கர்கள் தொடர்பு வைப்பதை 2022 செப்டம்பரில் தடை செய்தது. 2025 பிப்ரவரி 4 அன்று சிறு முதலீட்டாளர்களின் அல்காரிதம் வியாபாரத்துக்கே தனி விதிமுறைகளை அறிவித்தது. இதன்படி மென்பொருள் தருபவர் பங்குச் சந்தையில் பதிவு பெற வேண்டும். எந்திரம் அனுப்பும் ஒவ்வொரு ஆர்டருக்கும் அடையாள எண் இருக்கும். பொறுப்பு புரோக்கருடையது. விதிகளை வெளியே காட்டாத ‘கறுப்புப் பெட்டி’ மென்பொருளை விற்பவர் ஆராய்ச்சி ஆய்வாளராகவும் பதிவு செய்தாக வேண்டும். தானே நிரல் எழுதுபவர் தனக்கும் தன் குடும்பத்துக்கும் அதைப் பயன்படுத்தலாம். நொடிக்கு இத்தனை ஆர்டர் என்ற வரம்பைத் தாண்டினால் அவரும் பதிவு செய்ய வேண்டும். முதலில் 2025 ஆகஸ்ட் என்று குறிக்கப்பட்ட கெடு தள்ளிப்போய், எல்லா புரோக்கர்களுக்கும் 2026 ஏப்ரல் 1 என்று நிர்ணயிக்கப்பட்டது.

பதிவு எண் என்பது லாபத்துக்கான உத்தரவாதம் அல்ல. ஆனால் அது இல்லாத இடத்தில் நஷ்டத்துக்குக்கூட முகவரி கிடையாது. செபியின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். புகார் செய்ய அதன் ஸ்கோர்ஸ் தளம் இருக்கிறது. மோசடி என்று தெரிந்த உடனே, பணம் கைமாறிப் போவதற்குள், 1930 என்ற எண்ணை அழைத்தால் அதை முடக்கி வைக்கவாவது வாய்ப்பு உண்டு.

தானே நிரல் எழுதிப் பார்க்க விரும்பும் இளைஞர்களைத் தடுக்க வேண்டிய அவசியமில்லை. புள்ளியியலும் கம்ப்யூட்டரும் கற்க அது நல்ல வழி. காகிதத்தில் சில மாதம் ஓட்டிப் பார்க்கலாம், கட்டணங்களைச் சேர்த்துக் கணக்கிடலாம், தொலைந்தால் வீட்டில் அடுப்பு அணையாத தொகையை மட்டும் இறக்கலாம். கடன் வாங்கி இறங்குபவருக்குத்தான் எந்த உத்தியும் உதவாது. பாதிப் பணம் போனால் பழைய நிலைக்கு வர 100 சதவீத லாபம் வேண்டும். அதுவரை வட்டிக்காரர் காத்திருக்க மாட்டார், எந்திரமும் நிற்காது.