ஆயுட்கால எண்ணெய்: யாருடைய ஆயுள்?

தானியங்கிக் கியர்ப்பெட்டியின் எண்ணெயை மாற்றவேண்டுமா, வேண்டாமா? கார் வைத்திருக்கும் குடும்பங்களில் ஓயாத வழக்கு இது. "ஆயுட்கால எண்ணெய் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது, தொடாதே" என்பார் ஒருவர். "மாற்றிய மறுமாதமே அயல்வீட்டுக் கார் நின்றுவிட்டது" என்பார் இன்னொருவர். உண்மை யாது என ஆராய்வோம்.

1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 'ஹைட்ரா-மற்றிக்' என்னும் பெயரோடு தானியங்கிக் கியர்ப்பெட்டி விற்பனைக்கு வந்தது. கிளச்சை மிதிக்கும் காலுக்கு ஓய்வளித்தது எண்ணெயே. இன்றும் அது இயந்திரத்தின் வலுவைக் கடத்துகின்றது, தன் அமுக்கத்தால் கிளச்சுத் தட்டுகளை இறுக்குகின்றது, உராய்வைத் தணிக்கின்றது, வெப்பத்தையும் அகற்றுகின்றது. ஆனால் அவ்வெப்பமே அதற்குப் பகை. நாளடைவில் எண்ணெயிற் கலந்த மருந்துச் சேர்க்கைகள் வலுவிழக்கின்றன. தட்டுகள் தேய்ந்த துகள்கள் அதிற் சேர்கின்றன. செந்நிற எண்ணெய் கறுத்துக் கருகல் வாடை வீசுமாயின், நிலைமை முற்றிவிட்டதென்றே கொள்ளவேண்டும்.

அங்ஙனமாயின் 'ஆயுட்காலம்' என்பது யாது? பி.எம்.டபிள்யூ. முதலிய கார்களுக்குக் கியர்ப்பெட்டி செய்துகொடுக்கும் ஜேர்மனியின் இசட்.எவ். நிறுவனம், 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள், அல்லது மிஞ்சினால் 8 ஆண்டுகளுக்குள், எண்ணெயை மாற்றுமாறு கூறுகின்றது. பெட்டியைச் செய்தவரே மாற்றச் சொல்லும்போது நாம் தயங்குவானேன்?

மாற்றியதால் கெட்டது என்னும் கதையிலும் ஓர் உண்மை மறைந்துள்ளது. பலர் கியர் வழுக்கத் தொடங்கிய பின்னரே கராஜை நாடுகின்றனர். தேய்ந்த தட்டுகளைப் புதிய எண்ணெய் வளர்த்துவிடாது. பழியோ எண்ணெய்மீது விழுகின்றது. நெடுங்காலம் கவனியாத பெட்டியை அமுக்கம் கொடுத்துக் கழுவினால், கிளம்பும் அழுக்கு வால்வுகளை அடைக்கவுங்கூடும். ஆகவே அத்தகைய கார்களுக்கு, முதலில் தேர்ந்த மெக்கானிக் ஒருவர் சோதிப்பதே நன்று.

மாற்றுவோர் கவனிக்கவேண்டியவை சில. புத்தகத்திற் குறித்த இன எண்ணெயையே வாங்குதல் வேண்டும். நம் நாட்டில் ஓடும் யப்பானியக் கார்கள் பலவற்றிலுள்ள சி.வி.ரி. பெட்டிக்கு எண்ணெய் வேறு. சாதாரண தானியங்கி எண்ணெயை அதில் ஊற்றுதல் கேடு. மேலும், அடியாணியைக் கழற்றினால் ஒரு பகுதியே வடியும். எஞ்சியது உள்ளே தங்கும். ஆதலால் சில நாள் ஓடியபின் மீண்டும் ஒருமுறை மாற்றுவது நலம்.

2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நின்று, பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்த காலத்தில், உள்ள காரைப் பேணுவதன் அருமையை நாம் நன்குணர்ந்தோம். விற்றவர் கருதும் ஆயுள் உத்தரவாதத்தோடு முடியலாம். நமக்கோ அக்கார் பிள்ளைகள் வளரும்வரை ஓடவேண்டும். ஓர் எண்ணெய் மாற்றத்தின் செலவு, புதுக் கியர்ப்பெட்டியின் விலைக்கு முன் மிகச் சிறிதேயாம்.