மலைவழி காட்டியவருக்கு என்ன கொடுக்கிறோம்?

ஏலகிரி மலைக்குப் பொன்னேரியிலிருந்து ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வழியாக ஏறும் வண்டிகளில் ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனி ஊழியர்கள், வேலூர்க் கல்லூரி மாணவர்கள், தோல் வாங்க வந்த வெளியூர் வியாபாரிகள் என்று எல்லோரும் இருப்பார்கள். அறை வாடகைக்கு, சாப்பாட்டுக்கு, படகு சவாரிக்கு எல்லாவற்றுக்கும் விலை எழுதிப் போட்டிருக்கிறது. ஏலகிரியிலுள்ள சுவாமிமலை முகடுவரை கூட வந்து, பத்திரமாக இறக்கிவிட்ட வழிகாட்டிக்குக் கூலிக்கு மேல் என்ன கொடுக்கலாம் என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை. ஒருவர் ஐம்பது ரூபாயை நீட்டுவார். இன்னொருவர் ஐந்நூறைச் சட்டைப்பையில் திணிப்பார். பெரும்பாலோர் ‘வரோம் தம்பி’ என்று சொல்லிவிட்டு வண்டியேறிவிடுவார்கள்.

சில்லறை விஷயம்தானே என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காட்டை அறிந்த மனிதருக்குச் சமவெளிக்காரர் கொடுத்த பணத்துக்கு இந்த மலைகளில் நீண்ட வரலாறு உண்டு. அதில் பெருமைப்பட அதிகம் இல்லை. சுற்றுலா வளர்ந்துவரும் இந்த நேரத்தில், கொடுக்கும் முறையையாவது நாம் சரியாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

வேட்டைக் காலத்து இனாம்

வெள்ளைக்காரர் காலத்தில் வேட்டைக்கு வந்த துரைகள் தனியாகக் காட்டுக்குள் போனதில்லை. தடம் பார்க்க ஒருவர், பரண் கட்ட நாலு பேர், புதர்களைத் தட்டி விலங்கைக் கிளப்ப ஊரே திரண்டு ஒரு கூட்டம். வேட்டை முடிந்ததும் ‘பக்சீசு’ என்று சில்லறை விநியோகம் நடக்கும். மொத்தப் பணத்தையும் ஊர்ப் பெரியவரிடமோ முகாம் சிப்பந்தியிடமோ கொடுத்தால், கடைசி ஆளிடம் போய்ச் சேரும்போது பாதிகூட மிஞ்சாது. ஒவ்வொருவர் கையிலும் நீயே நேரில் வைத்துவிடு என்பதுதான் அன்றைய அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொன்ன அறிவுரை.

நம் பக்கத்துக் காடுகளைப் பற்றி அதிகம் எழுதிய வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). பெங்களூரில் வாழ்ந்தவர். பென்னாகரம், அஞ்செட்டி, சவளகிரி என்று இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் அலைந்தவர். ஏலகிரியில் மனிதர்களைத் தாக்கிய சிறுத்தையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். 1954இல் வெளிவந்த அவரது முதல் வேட்டை நூலில் ஓர் அத்தியாயத்துக்கே பைரா என்ற பூசாரியின் பெயரை வைத்தார். காட்டு வித்தையைத் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்று அந்த ஏழை மனிதரைக் கொண்டாடினார். அப்படிப் பெயர் சொல்லி நன்றி கூறியவர்கள் மிகச் சிலர். மற்ற வேட்டைக் கதைகளில் புலியின் நீளம் அங்குலம் பிசகாமல் இருக்கும். தடம் காட்டியவர் ‘ஒரு கிராமத்தான்’ என்றே கடந்துபோவார்.

1970இல் நாடு முழுவதும் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோடு உரிமம் பெற்று வேட்டையாடும் வழியும் அடைபட்டது. துப்பாக்கி போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. காட்டைப் படிக்கத் தெரிந்த மனிதர்கள் மட்டும், அந்த அறிவுக்கு விலை சொல்ல ஆளில்லாமல் நின்றார்கள்.

தோல் ஊருக்கும் காட்டுக்கும் உள்ள கணக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோல் தொழிலுக்கு இந்தக் கதையில் நேரடிப் பங்கு உண்டு. குரோமியம் பதனிடுதல் பரவுவதற்கு முன் தோலை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும்தான் ஊறவைத்தார்கள். ஜவ்வாது மலைக் கடுக்காய் மூட்டை மூட்டையாகக் கீழே இறங்கியது. பொறுக்கியவர்கள் மலையாளி பழங்குடியினர். விலை வைத்தவர்கள் குத்தகைக்காரர்களும் தரகர்களும். பதனிட்ட தோல் கப்பலேறி இங்கிலாந்து போனது. கடுக்காய் பொறுக்கிய கைக்குக் கிடைத்தது அற்பம்.

இருளர் பழங்குடியினரின் கதை இன்னும் கூர்மையானது. பாம்புத்தோல் ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்த காலத்தில், உயிரைப் பணயம் வைத்துப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். வேட்டைத் தடையும் ஏற்றுமதித் தடையும் வந்தபோது ஒரே அடியாகப் பிழைப்பு போனது. 1978இல் மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து, பாம்புக்கடி மருந்து தயாரிப்பவர்களுக்கு விற்றார்கள். அதே கை, அதே அறிவு. இடையில் தரகர் இல்லாமல், உறுப்பினருக்கே நேராகப் பணம்.

அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிப் பிற உயிர்களை அழித்துவந்த பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிக் கொடுக்க வேண்டும். முன்பின் பார்த்திராத சதுப்பு நிலத்தில், முதல் சில வாரங்களிலேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. காட்டறிவை ஒரு தொழில்திறனாக மதித்து, அதற்கு உரிய ஊதியம் தந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

மதிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி 20 பேரை ஆந்திரக் காவல்துறையின் அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக் கூலித் தொழிலாளர்கள். ஜவ்வாது மலையும் சித்தேரி மலையும் துக்கத்தில் ஆழ்ந்தன. தரகர்கள் தேடி வந்தது காட்டில் நடக்கப் பழகிய கால்களையும் மரம் அறிந்த கைகளையும்தான். அந்தத் திறமைக்கு நேர்வழியில் நல்ல கூலி கிடைத்திருந்தால், குறுக்குவழிக்காரர் விரித்த வலையில் இத்தனை பேர் விழுந்திருக்க மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

வழிகாட்டி செய்யும் வேலை

மங்களம் கிராமத்திலிருந்து சுவாமிமலைக்கு ஏறும்போது வழிகாட்டியைக் கவனித்துப் பாருங்கள். பாதையோரக் கறையான் புற்று ஒன்று பிளந்து கிடக்கும். நமக்கு அது வெறும் மண்குவியல். அவர் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பார். ஈரம் காயவில்லை என்றால் கரடி வந்துபோய் அதிக நேரம் ஆகவில்லை. உடனே கை உயரும், பேச்சு நிற்கும், கூட்டம் ஒன்றுசேரும். பின்தங்கி மூச்சு வாங்குபவரை எண்ணிக்கொண்டே நடப்பார். யார் சிகரெட்டைப் பற்றவைக்கப் பார்க்கிறார் என்பதிலும் ஒரு கண் இருக்கும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கு அரசு தனி விதிமுறைகள் வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். இணையத்தில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருகிறார். அவர்களில் பழங்குடி இளைஞர்கள் கணிசம். தன் மலையிலேயே, தன் அறிவைக் கொண்டே பிழைக்கும் வழி இது. இதை வளர்ப்பது அரசின் கையில் மட்டும் இல்லை. மலையேறும் நம் கையிலும் இருக்கிறது.

வெளிநாடுகளில் எப்படிக் கொடுக்கிறார்கள்?

வேட்டை இன்னும் சட்டப்படி நடக்கும் நாடுகளில் டிப்ஸ் வழக்கம் தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. வட அமெரிக்காவில் வேட்டைக் கட்டணத்தில் 10 முதல் 20 சதவீதம் வரை வழிகாட்டிக்குக் கொடுப்பது பொதுவான மரபு. விலங்கு கிடைத்ததா இல்லையா என்று பார்த்துக் கொடுப்பதில்லை. உழைத்தாரா என்று பார்த்துக் கொடுக்கிறார்கள். நிறுவனத்தின் முதலாளி கட்டணமே வாங்கிக்கொள்கிறார் என்பதால் அவருக்கு டிப்ஸ் எதிர்பார்ப்பு குறைவு. கூட நடந்தவருக்கும் சமைத்தவருக்கும்தான் முதலிடம். ஆப்பிரிக்க முகாம்களில் தடம் பார்ப்பவர், தோலுரிப்பவர், சமையல்காரர் என்று தனித்தனியாகக் கடைசி நாளில் கொடுக்கிறார்கள்.

கிளிமஞ்சாரோ மலையில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். சுமை தூக்குவோருக்கான அமைப்பு ஒன்று, பயணிகளின் டிப்ஸ் கடைசித் தொழிலாளிவரை போய்ச் சேர்கிறதா என்று கண்காணிக்கிறது. இறங்கும் நாளில் எல்லோரையும் நிற்கவைத்து, யாருக்கு எவ்வளவு என்று உரக்க அறிவித்துக் கொடுப்பதை அது ஊக்குவிக்கிறது. நம் வேட்டைக் காலத்து அனுபவசாலிகள் சொன்ன அதே பாடம்தான்: நடுவில் கை மாறினால் பணம் கரையும்.

போனஸ் அறிந்த ஊருக்கு

ஆம்பூர்க்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதே இல்லை. தீபாவளி நெருங்கினால் ஷூ கம்பெனி வாசல்களில் எத்தனை சதவீதம் என்பதுதான் பேச்சு. 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம் என்றும் அதிகபட்சம் 20 சதவீதம் என்றும் வரையறுத்தது. சட்டம் வகுத்த போனஸை முதலாளியின் தயவு என்று எந்தத் தொழிலாளியும் ஏற்றுக்கொள்ள மாட்டார். சம்பளத்தைக் குறைத்துவிட்டுப் போனஸில் சேர்த்துத் தருகிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அதே நியாயத்தை மலையில் கூட நடப்பவருக்கும் வைப்போம். முதலில் முழுக் கூலி, அதன்பிறகுதான் டிப்ஸ். ‘கட்டணத்தைக் குறைத்துக்கோ தம்பி, டிப்ஸாகப் பார்த்துத் தருகிறோம்’ என்று பேரம் பேசுவது, ஒருவருடைய உரிமையை நம் மனநிலையிடம் ஒப்படைப்பது.

எவ்வளவு, எப்படி?

எந்த விதிமுறையும் தொகை சொல்லாத நிலையில், என் பரிந்துரை இது. கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு நியாயமான தொடக்கம். அரைநாள் நடைக்கு ஐந்தாறு பேர் போனால், ஆளுக்கு நூறு ரூபாய் சேர்த்தால் மரியாதையான தொகை வரும். கடினமான பாதை, மழை, குழுவில் முதியவர் அல்லது குழந்தை, யாருக்காவது கால் பிசகி அவர் தாங்கிப் பிடித்து இறக்கியது என்றால் இன்னும் கூட்டிக் கொடுக்கலாம்.

கரடியோ காட்டெருமையோ கண்ணில் படவில்லை என்று குறைக்கக் கூடாது. விலங்கு வருவதும் வராததும் காட்டின் விருப்பம். அதற்குப் பரிசு வைத்தால், அடுத்த குழுவை அவர் விலங்குக்கு நெருக்கமாகக் கூட்டிப்போக நாமே தூண்டுகிறோம்.

இரண்டு வழிகாட்டிகள் வந்தால் இரண்டு கைகளில் தனித்தனியே கொடுங்கள். மூத்தவரிடம் மொத்தமாகக் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். பின்னால் நடந்தவர்தான் பெரும்பாலும் வயதில் இளையவர். கேட்கத் தயங்குபவரும் அவரே. காலையிலேயே பாதி கொடுத்து ‘நல்லா கவனிச்சுக்கோ’ என்று சொல்வதும் வேண்டாம். நன்றிப் பணம் இறங்கிய பிறகு கொடுப்பது. மலைமேல் எல்லா இடத்திலும் ஜிபே சிக்னல் கிடைக்காது. சில்லறை நோட்டாகக் கொண்டுபோங்கள்.

கொடுக்கும்போது அவர் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கொடுங்கள். வயதில் மூத்தவரை ‘அண்ணே’ என்றும் இளையவரை ‘தம்பி’ என்றும் அழைக்கலாம். ‘ஏய்’, ‘வாடா’ எல்லாம் வேண்டாம். பணத்தை நீட்டும் காட்சியைப் படம் எடுக்க வேண்டாம். பதிவு செய்த தளத்தில் அவர் பெயரைக் குறிப்பிட்டு நாலு வரி எழுதினால், அடுத்த வாரம் அவருக்கு வேலை கிடைக்க அது உதவும்.

கொடுக்கவே கூடாதவை

முதலாவது மது. ‘ஒரு குவார்ட்டர் வாங்கித் தரேன்’ என்ற பேச்சு மலை ஊர்களில் சகஜமாகக் கேட்கிறது. வேலை செய்தவருக்குப் பணம்தான் மரியாதை. அதை எப்படிச் செலவிடுவது என்பது அவர் குடும்பத்தின் முடிவு.

இரண்டாவது, விதியை மீறச் சொல்லிக் கொடுக்கும் பணம். அனுமதி இல்லாத பாதை, இரவு நேரக் காட்டு நடை, நெருப்பு மூட்டுவது, ‘காட்டுப்பன்றிக் கறி கிடைக்குமா’ என்ற விசாரிப்பு. இவையெல்லாம் டிப்ஸ் என்ற பெயரில் குற்றத்துக்குக் கொடுக்கும் முன்பணம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. மாட்டினால் நகரத்துக்காரர் வக்கீல் வைத்து வெளியே வந்துவிடுவார். வழிகாட்டியின் வேலையும் பெயரும் போய்விடும்.

கம்பெனிகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஆம்பூர், இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகள் ஊழியர்களையும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களையும் மலைக்கு அழைத்துப் போகின்றன. கல்லூரிகளும் போகின்றன. பேருந்துக்கும் பிரியாணிக்கும் பட்ஜெட் போடும்போது, வழிகாட்டியின் கூலி என்று ஒரு வரியும், அவருக்கான அன்பளிப்பு என்று இன்னொரு வரியும் சேர்த்து எழுதுங்கள். வவுச்சரில் கையெழுத்து வாங்கி, அவர் கையிலேயே கொடுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் தன் ஊர் வழக்கப்படி டிப்ஸ் தர நினைத்தால், அது ஏஜென்ட் பையில் தங்காமல் போய்ச் சேர வழி செய்யுங்கள். ஏற்றுமதிக்கு ஒரு ஜோடி ஷூ எந்தத் தொழிலாளி கைவழியாக வந்தது என்று கணக்கு வைக்கத் தெரிந்த ஊருக்கு இது பெரிய வேலை இல்லை.

அவர் வீட்டு அடுப்பு எரிவதற்குக் கூலியே போதுமானதாக இருக்க வேண்டும். அதை உறுதி செய்வது ஏற்பாடு செய்பவர்களின் பொறுப்பு. அதற்கு மேல் நாம் கொடுக்கும் நூறும் இருநூறும் நன்றியாக மட்டும் இருக்கட்டும்.