கோபுரம் பார்க்க ஒரு பழைய லென்ஸ்

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோயில். மூன்று நிலைக் கோபுரம், உயரம் சுமார் 12 மீட்டர் இருக்கும். இரண்டு வருடங்களாக அதிலுள்ள சுதை உருவங்களை ஒவ்வொன்றாக நோட்டில் பட்டியல் போட்டு வந்தேன். பெரிய ஆய்வு எல்லாம் இல்லை. லீவில் ஊருக்குப் போகும்போது செய்கிற வேலைதான்.

போன பங்குனியில் ஊருக்குப் போனபோது பாலாலயம் முடிந்திருந்தது. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஸ்ரீகாரியத்திடம் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "வெளிய நின்னு எடுத்துக்கிடுங்க சார். ரெண்டு வாரத்துல சாரம் கட்டிருவாங்க, அதுக்குப் பொறவு ஒண்ணும் தெரியாது" என்றார்.

சாரம் கட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உடைந்த கை ஒட்டப்படும், தேய்ந்த முகம் புதிதாகும், மேலே இன்னொரு பூச்சு ஏறும். கோயிலுக்கு அது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பழைய உருவம் எப்படி இருந்தது என்பதற்குப் படம் மட்டும்தான் மிஞ்சும். எனக்கு இருந்தது இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்.

ஏன் டெலிபோட்டோ?

தூரத்தில் உள்ளதைப் பெரிதாகக் காட்ட என்று பதில் சொல்வோம். கோபுரத்துக்கு அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: பார்க்கிற கோணம்.

எல்லாருக்கும் தெரிந்த சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். ஏழு நிலை, 134 அடி, அதாவது சுமார் 40 மீட்டர். அதிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்றால் உச்சியைப் பார்க்க 63 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். உருவங்களின் பாதமும் தாடையும்தான் தெரியும். 100 மீட்டர் தள்ளிப் போனால் கோணம் 22 டிகிரியாகக் குறைந்துவிடும். முகம் முகமாகத் தெரியும். ஆனால் சாதாரண லென்ஸில் அந்தத் தூரத்திலிருந்து எல்லாம் எறும்பாகிவிடும். தள்ளி நிற்பது கோணத்துக்காக, டெலிபோட்டோ அந்தத் தூரத்தை ஈடுகட்டுவதற்காக.

இனி சின்னக் கணக்கு. என் கேமரா ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட மிரர்லெஸ். சென்சார் அகலம் 23.5 மி.மீ., அதில் 6000 பிக்சல். 200 எம்.எம். லென்ஸைப் போட்டு 32 மீட்டரில் உள்ள ஒன்றை எடுத்தால், படத்தில் விழும் அகலம் 32 × 23.5 ÷ 200 = 3.76 மீட்டர். அதை 6000-ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 0.6 மி.மீ. ஒரு சுதைச் சிற்பத்தின் விரல் நகம் வரைக்கும் பதிவாக வேண்டிய கணக்கு இது. 200 எம்.எம். போதும் என்று முடிவு செய்தேன்.

புது டெலிபோட்டோ ஜூம் விலையைப் பார்த்தேன். வருடத்துக்கு நாலு நாள் செய்கிற வேலைக்கு மனசு வரவில்லை.

ஸ்டூடியோ அலமாரி

நாகர்கோவிலில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி, கடையை மூடி வருடங்கள் ஆகிவிட்டன. அவர் வீட்டு அலமாரியில் பிலிம் காலத்து வைவிட்டார் 200 எம்.எம். எஃப்/3.5 கிடந்தது. வளைகுடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் கொடுத்ததாம்.

"அண்ணாச்சி, இது இப்ப ஓடுமா?"

"ஓடுகதுக்கு இதுல என்ன மோட்டாரா இருக்கு? கண்ணும் கையும் இருந்தா போரும் மக்கா. கொண்டு போ. இங்க கெடந்தா பூத்துப் போவும்."

1500 ரூபாய் கொடுத்தேன். ஆயிரத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

வைவிட்டார் லென்ஸ் பற்றி ஒரு சுவாரசியமான விஷயம்: வைவிட்டார் தன் லென்ஸ்களைத் தானே செய்யவில்லை. 1938-இல் பாண்டர், பெஸ்ட் என்ற இருவர் தொடங்கிய அமெரிக்க வியாபார நிறுவனம் அது. ஜப்பானியத் தொழிற்சாலைகளில் சொல்லிச் செய்யவைத்து, தன் பெயரைப் போட்டு விற்றது. எந்தத் தொழிற்சாலை என்பது பெரும்பாலும் வரிசை எண்ணிலேயே இருக்கும். 22 என்று தொடங்கினால் கினோ, 28 என்றால் கோமினே, 37 என்றால் டோக்கினா, 9 என்றால் கோசினா. அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண், அதற்கடுத்த இரண்டும் வாரம். என்னுடையது 28532 என்று தொடங்குகிறது. கோமினே, 1975, 32-ஆவது வாரம். என்னைவிட மூத்தது.

நிக்கான், கேனன் போன்ற கேமரா கம்பெனிகள் தவிர வெளிக் கம்பெனிகள் செய்த இந்த மாதிரி லென்ஸ்களைத்தான் தேர்ட் பார்ட்டி லென்ஸ் என்கிறோம். டாம்ரான், டோக்கினா, சோலிகார் எல்லாம் இந்த வகை. இதில் டாம்ரான் சொந்தமாகவே செய்த கம்பெனி. தமுரா என்ற ஒளியியல் வடிவமைப்பாளரின் பெயரிலிருந்து வந்தது அந்தப் பெயர். ஒரே லென்ஸைப் பல கேமராக்களில் மாட்டும் வசதிதான் அவர்களுடைய பலம். 1957-இல் டி மவுண்ட், 1979-இல் அடாப்டால்-2.

முதல் ஞாயிறு

என் லென்ஸ் எம்42, அதாவது 42 மி.மீ. திருகு. இதில் லென்ஸின் பின்பக்கத்திலிருந்து பிலிமுக்கு உள்ள தூரம் 45.46 மி.மீ. மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடி இல்லாததால் இந்தத் தூரம் குறைவு. சோனி இ மவுண்டில் 18 மி.மீ.தான். மிச்சம் 27.46 மி.மீ.க்கு ஒரு வெற்றுக் குழாய் போட்டால் போதும். அடாப்டர் என்பது அந்தக் குழாய்தான். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது. ஆன்லைனில் இருப்பதிலேயே மலிவானதை வாங்கினேன்.

கேமரா மெனுவில் "லென்ஸ் இல்லாமல் ஷட்டர்" என்பதை ஆன் செய்தேன். முக்காலி போட்டேன். லென்ஸை எஃப்/8-க்குத் திருப்பி, காலை 8 மணியிலிருந்து 140 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் பார்த்தால் எல்லாம் சொதசொதவென்று இருந்தன. வெள்ளைச் சுண்ணாம்பு நீல வானத்தைத் தொடும் இடமெல்லாம் ஊதா நிறக் கோடு. ஐம்பது வருட லென்ஸ், இவ்வளவுதான் வரும் போலிருக்கிறது என்று தோன்றிவிட்டது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆபீஸில் ஒரு புரோகிராம் தப்பாக ஓடினால் முதலில் என்ன செய்வோம்? லாக் பார்ப்போம். படக் கோப்பிலும் லாக் உண்டு. பழைய லென்ஸ் தன் அப்பர்ச்சர் எண்ணைக் கேமராவுக்குச் சொல்லாது, ஆனால் ஷட்டர் வேகம் பதிவாகியிருக்கும். பார்த்தேன். ஐஎஸ்ஓ 100, வெயிலில் எல்லாப் படமும் 1/2000 நொடி. இடையில் எஃப்/3.5-இல் எடுத்த ஒரு சோதனைப் படமும் அதே 1/2000.

இது நடக்கவே கூடாது. 3.5-இலிருந்து 8-க்குப் போனால் ஒளி ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். கேமரா 1/400 பக்கம் வந்திருக்க வேண்டும். அப்படியானால் வளையம் திரும்பியது, உள்ளே இதழ்கள் மூடவில்லை!

லென்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு சின்ன ஊசி துருத்திக்கொண்டிருந்தது. பிலிம் காலத்தில், வ்யூஃபைண்டர் வெளிச்சமாக இருக்கட்டும் என்று இதழ்கள் திறந்தே இருக்கும். ஷட்டரை அமுக்கும்போது கேமராவுக்குள் உள்ள தகடு அந்த ஊசியை அமுக்கும், அப்போதுதான் இதழ் மூடும். என் அடாப்டரில் அந்த ஊசியை அமுக்க எதுவும் இல்லை. நான் எடுத்த 140-ம் எஃப்/3.5. லென்ஸ்மேல் பழி போட்டேன். தப்பு குழாயில்.

உள்விளிம்பு உள்ள அடாப்டர் என்று கேட்டு வாங்க வேண்டும். அந்த விளிம்பு ஊசியை எப்போதும் அமுக்கியே வைத்திருக்கும். புதன்கிழமை வந்து சேர்ந்தது.

இரண்டாவது ஞாயிறு

அதற்குள் சித்திரை பிறந்துவிட்டது. ஒரு பக்கம் அது எனக்கு லாபம். கன்னியாகுமரி மாவட்டம் சுமார் 8 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் இங்கே நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே சாயும். ஆவணி நடுவில்தான் திரும்பவும் தெற்கே போகும். அதனால் கோபுரத்தின் வடக்கு முகத்தில் நண்பகல் வெயில் விழுவது வருடத்தில் இந்த நாலரை மாதம்தான். அதில் ஆனி, ஆடியில் மழை மேகம். சித்திரை, வைகாசியை விட்டால் வேறு வழியில்லை.

கிழக்கு முகத்துக்குக் காலை 8 மணி வெயில் நேராக அடிக்கும். வெளிச்சம் நிறைய, ஆனால் நிழல் இல்லாததால் உருவம் தட்டையாகிவிடும். 10 மணிக்கு மேல் வெயில் மேலிருந்து சரிந்து விழும்போதுதான் மடிப்பும் விளிம்பும் எழும்பும். முதல் ஞாயிறு அதையும் தப்பாகச் செய்திருந்தேன்.

எடுத்த முறை இதுதான். முதலில் வளையத்தை 3.5-இல் வைத்துத் திரையில் பெரிதாக்கி, உருவத்தின் கண்ணில் ஃபோகஸ். பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் அப்பர்ச்சரை 8-க்குத் திருப்புவது. இரண்டு நொடி டைமர். விளிம்பில் நிறம் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதியை நம்பவில்லை. வெள்ளைச் சுதையில் அது எல்லா இடத்திலும் மினுங்கும். ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் ஆனது. ஆகட்டுமே, சிற்பம் எங்கேயும் ஓடவில்லை.

அன்று இரவு படங்களைத் திறந்தபோது இரண்டாம் நிலை, வடக்கு முகம், ஒரு ஓரத்து உருவத்தில் கண் நின்றுவிட்டது. இரண்டு வருடங்களுக்கு முன் கீழே நின்று பார்த்து "வேணுகோபாலன், புல்லாங்குழலுடன்" என்று நோட்டில் எழுதியிருந்தேன். நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். படத்தில் குழல் இல்லை. மணிக்கட்டோடு கை உடைந்து, உள்ளே சுதையைத் தாங்க வைத்திருந்த இரும்புக் கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தது. கம்பியைத்தான் குழல் என்று படித்திருக்கிறேன். கையில் முதலில் என்ன இருந்தது என்று அந்த உருவத்தில் எந்தத் தடயமும் மிச்சமில்லை. நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு "வலக்கை உடைந்தது, அடையாளம் தெரியவில்லை" என்று எழுதினேன்.

நீங்கள் வாங்குவதானால்

1. மொபைல் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. தூசி பரவாயில்லை, பூஞ்சை கண்ணாடிப் பூச்சையே அரிக்கும்.
2. வளையத்தைத் திருப்பி, ஊசியை விரலால் அமுக்கிப் பாருங்கள். இதழ்கள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். எண்ணெய் படிந்திருந்தால் சோம்பேறித்தனமாக நகரும்.
3. டி மவுண்டும் எம்42-ம் இரண்டுமே 42 மி.மீ. திருகுதான். ஆனால் புரி இடைவெளி ஒன்றில் 0.75, இன்னொன்றில் 1 மி.மீ. மாற்றிப் போட்டால் கொஞ்சம் ஏறி இறுகிவிடும். பலம் காட்டாதீர்கள்.
4. கேமராவுக்குள் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் 200 என்ற எண்ணை நீங்களே கொடுக்க வேண்டும். முக்காலியில் அதை அணைத்துவிடுங்கள்.
5. பறக்கும் பறவைக்கு இது சரிப்படாது. சுசீந்திரம் குளத்தில் அசையாமல் நிற்கிற நாரைக்குச் சரி, பாய்கிற ஆலாவுக்கு ஆட்டோஃபோகஸ்தான்.
6. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. லென்ஸ் கூட வந்த தோல் உறையைத் தூக்கிப் போடுங்கள், ஈரம் பிடித்துப் பூஞ்சை வளர்வது அதில்தான். இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி.

ஊதா ஓரம் எஃப்/8-இலும் கொஞ்சம் இருக்கும். ஆவணத்துக்கு நான் பச்சை நிறத் தடத்தை மட்டும் பிரித்துக் கறுப்பு வெள்ளையாக வைத்துக்கொள்கிறேன். அதில் விளிம்பு சுத்தமாக இருக்கிறது.

அடுத்த முறை போனபோது கும்பாபிஷேகம் முடிந்து கோபுரம் பளிச்சென்று நின்றது. இரண்டாம் நிலை ஓரத்து உருவத்துக்குப் புதுக் கை வந்துவிட்டது. கையில் புல்லாங்குழல்.

சுதை வேலை செய்தவர்களும் என்னைப் போலக் கம்பியைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்களா, அல்லது ஊரில் யாருக்காவது நினைவிருந்ததா என்று விசாரிக்க வேண்டும். நோட்டில் இப்போது இரண்டு வரி இருக்கிறது, இரண்டுக்கும் படம் இருக்கிறது.