பாட்டிலில் இருப்பது யார்?

34 வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அதில் பாதி கடன் பிரிவில். அடையாள ஆவணம் இல்லாத ஒரு மனுவில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. அப்படிப்பட்டவன் போன ஆவணியில் 2,400 ரூபாய் கொடுத்து நாலு பாட்டில் வாங்கினேன். லேபிளில், ‘உவர் நிலத்துக்கென்றே கண்டுபிடிக்கப்பட்ட புதிய இன பாக்டீரியா’ என்று இருந்தது. என்ன இனம், என்ன பெயர்? ஒன்றும் இல்லை.

என் வயல் சிதம்பரத்துக்குக் கிழக்கே கடைமடையில் இருக்கிறது. கோடையில் வாய்க்காலில் உப்புத் தண்ணி ஏறிவிடும். அந்த உப்பு போவதற்குள் நட்டால் பயிர் நுனி கருகும். பாட்டில் மருந்து ஊற்றிய பாதியும் ஊற்றாத பாதியும் ஒரே மாதிரிதான் கருகின. “பேங்க்ல ஊருக்கெல்லாம் கேஒய்சி கேட்டீங்களே, இந்தப் பாட்டிலுக்குக் கேக்கலையா?” என்றாள் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை.

என் அண்ணன் மகள் நுண்ணுயிரியல் படித்தவள். அவளிடம் கேட்டேன். “சித்தப்பா, நிஜமாவே புதுசா ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடிச்ச கதை உங்க வயலுக்குப் பக்கத்துலயே இருக்கு” என்று பிச்சாவரத்தைச் சொன்னாள்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டை ஒட்டி, உப்புத் தண்ணியிலேயே நிற்கும் காட்டு நெல் ஒன்று உண்டு. யார் உரம் போட்டார்கள் அதற்கு? சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த லோகநாதனும் சுதா நாயரும் அதன் வேர், தண்டு, வேரை ஒட்டிய மண் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார்கள். தழைச்சத்தே சேர்க்காத, பாதி இறுகிய கூழ் போன்ற ஊடகத்தில் அவற்றை வளர்த்தார்கள். பசியைப் போட்டு ஆளைப் பிடிக்கிற வேலைதான் இது. காற்றிலிருந்து தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளத் தெரிந்தவன்தான் அதில் நன்றாகப் பெருகுவான். அப்படிப் பெருகியதை 3 சதவீத உப்பிலும் வளர்த்துப் பார்த்தார்கள். கடல் நீரில் உப்பு ஏறக்குறைய மூன்றரை சதவீதம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த பாக்டீரியா வளர்ந்தது. உப்பு இருக்கும்போதே தழைச்சத்தைப் பிடித்தது, கரையாத மணிச்சத்தையும் கரைத்தது.

இத்தனை செய்தாலும் அது ‘புதுசு’ ஆகிவிடாது. ஏற்கெனவே பெயருள்ள ஏதோ ஒன்றாகவே இருக்கலாம் அல்லவா? அதற்குத்தான் மரபணுச் சோதனை. 16எஸ் என்று ஒரு மரபணு எல்லா பாக்டீரியாவிலும் இருக்கிறது, சுமார் 1,500 எழுத்து நீளம். அதைப் படித்து, தெரிந்த இனங்களோடு ஒப்பிடுகிறார்கள். நம் கிளையில் மாதிரிக் கையெழுத்தை வைத்துச் சரிபார்ப்பது போல. ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வேறு இனமாக இருக்க நிறையவே வாய்ப்பு. மேலே இருந்தால் முழு மரபணுத் தொகுப்பையும் ஒப்பிடுவார்கள். அங்கே 95, 96 சதவீதம்தான் எல்லைக்கோடு. இதோடு என்ன தின்கிறது, எந்தச் சூட்டில் வளர்கிறது, செல் கொழுப்பு எப்படி என்று பக்கம் பக்கமாக விவரம் கொடுக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி நிபந்தனை. உயிருள்ள அதே பாக்டீரியாவை இரண்டு வெவ்வேறு நாட்டுச் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். யார் கேட்டாலும் எடுத்துச் சோதிக்கலாம். பிச்சாவரத்து ஆள் பெல்ஜியத்தில் ஒன்று, சண்டிகரில் ஒன்று என்று இருக்கிறான். சண்டிகர் கணக்கு எண் எம்டிசிசி 3852. 2004-ல் பெயர் வெளியானது: சுவாமிநாதானியா சாலிடாலரன்ஸ். புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினம் என்றே அறிவித்தார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் மீது நம்மில் பலருக்கு வருத்தம் உண்டு, எனக்கும்தான். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது.

பெயர் பிறகு மாறவும் மாறும். நாம் பாஸ்போபாக்டீரியா என்று வாங்கும் பேசில்லஸ் மெகாதீரியம், 2020-ல் பிரீஸ்டியா மெகாதீரியம் ஆகிவிட்டது. வங்கிகள் இணைந்தபோது பலகையும் ஐஎஃப்எஸ்சியும் மாறின அல்லவா, அந்த மாதிரி. பாக்கெட்டில் பழைய பெயர் இருந்தால் மோசடி என்று நினைக்க வேண்டாம். ஆள் அதே ஆள்தான். தனித்த ஒரு வளர்ப்புக்கு இட்ட எண்தான் முக்கியம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இனம் புதியது என்பதாலேயே உங்கள் வயலில் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. ஆய்வகத்தில் உப்பைத் தாங்குவது வேறு, ஏற்கெனவே கோடிக்கணக்கில் குடியிருக்கும் மண்ணில் போய் இடம் பிடிப்பது வேறு. பிடிக்க வேண்டுமானால் முதலில் உயிரோடு வந்து சேர வேண்டும். அசோஸ்பைரில்லம் போன்றவற்றுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை ஒரு கணக்கு வைத்திருக்கிறது: தூளாக இருந்தால் கிராமுக்கு 5 கோடி, திரவமாக இருந்தால் மில்லிக்கு 10 கோடி உயிருள்ள செல்கள். வெயிலில் கிடந்த பாட்டிலில் எத்தனை மிஞ்சும்?

இந்த வருஷம் முதல் மழையைக் கட்டி வைத்து உப்பை வடித்தேன். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதேன். நுனி கருகல் ஓரத்து வரப்புப் பக்கம் மட்டும்தான்.

போன வாரம் அதே பாட்டில்காரத் தம்பி வந்தார். டீ கொடுத்து, “தம்பி, இதுல இருக்கிற பாக்டீரியா பேர் என்ன? சேமிப்பக எண் இருக்கா? மில்லிக்கு எத்தனை செல்? தயாரிச்ச தேதி எப்போ?” என்று கேட்டேன். தேதி மட்டும் இருந்தது. மற்றதைக் கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்று என் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இன்னும் போன் வரவில்லை.