விஜயா சந்தேஷும் சர்க்கரை வியாதிக்காரரின் சங்கடமும்

கொல்கத்தா: துர்கா பூஜை முடிந்து விஜயா தசமி வந்துவிட்டால் இந்நகரில் இனிப்பின் ராஜ்யம்தான். பாக்பஜாரில் 1868-ல் நவீன் சந்திர தாஸ் ரசகுல்லாவைப் பிரபலமாக்கிய ஊரல்லவா! அண்டை வீட்டு வங்காளி அன்பர் தட்டு நிறைய சந்தேஷை வைத்து நீட்டுகிறார். மறுத்தால் அவர் முகம் வாடுகிறது; சாப்பிட்டால் மனைவியின் முகம் வாடுகிறது. லேக் மார்க்கெட் வட்டாரத் தமிழர்கள் பலருக்கு இந்தத் தர்மசங்கடம் பழகிப்போன ஒன்று.

நீரிழிவு உடம்பை மட்டும் வாட்டுவதில்லை. மாத்திரை, பத்தியம், ரத்தப் பரிசோதனை என்று ஒரு நாளும் ஓய்வில்லாத கணக்கு இது. எவ்வளவு ஒழுங்காக இருந்தும் அளவு ஏறினால் மனம் சோர்ந்து போகிறது. "என்ன பயன்?" என்ற அலுப்பில் சிலர் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான்.

இந்தச் சோர்வை அளக்க அமெரிக்க உளவியல் நிபுணர் போலன்ஸ்கியும் அவரது சகாக்களும் 1995-ல் ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். இது பைத்தியமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. நோயின் பாரமே என்று அதன்பின் மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது. மனச்சோர்வு நோயும் நீரிழிவுக்காரர்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு அதிகம் வருகிறது.

வீட்டார் அறிய வேண்டியது ஒன்றுண்டு. இன்சுலின் அல்லது சில மாத்திரைகள் சாப்பிடுவோருக்குச் சர்க்கரை திடீரெனக் குறைந்தால் வியர்வை, நடுக்கம், காரணமில்லாத எரிச்சல் உண்டாகும். அதைக் கோபம் என்று எண்ணிச் சண்டைக்கு நிற்கலாகாது. உடனே சர்க்கரை கரைத்த நீர் தர வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இன்னொன்று, காவல்காரர் வேலை பார்க்க வேண்டாம். வைதால் அவர் இனிப்பை விடமாட்டார். ஒளித்துத் தின்னப் பழகுவார். உடன் நடந்தால் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் காலை நடை அவருக்குச் சுமையாக இராது.

மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1சி பரிசோதனை ஒரே ஒரு சந்தேஷினால் பாழாகிவிடுவதில்லை. சோர்வு இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் கூசாமல் சொல்ல வேண்டும். மனநல ஆலோசனைக்கு அரசின் இலவசத் தொலைபேசி எண் 14416.

அண்டை வீட்டுக்காரரிடமும் உண்மையைச் சொல்லிவிடலாம். பாதி சந்தேஷை எடுத்துக்கொண்டு, "எனக்குச் சர்க்கரை, தாதா" என்றால் போதும். அநேகமாக அவரும், "எனக்கும்தான்!" என்பார்.