தண்ணீர்த் தொழிலில் இரகசியம் வேண்டாம்

தொழில் இரகசியத்தை வெளியே விடக் கூடாது என்பது எமது வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்து வரும் வழக்கம். புடவைக் கடைக்கு அது சரி. மீன், இறால், கடலட்டை வளர்ப்போருக்கு அது சரிவராது. அடுத்த பண்ணைக்காரரின் தண்ணீர்தான் இவர்களது பண்ணைக்குள்ளும் வருகிறது.

1996இல் புத்தளம் மாவட்ட இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் தாக்கிய போது இது நன்றாக விளங்கியது. பண்ணைகள் பலவும் ஒல்லாந்தர் கால்வாயில் தண்ணீர் எடுத்து, கழிவு நீரையும் அதிலேயே விட்டன. இந்த நோய் வைரஸால் வருவது. மனிதருக்குத் தீங்கில்லை, ஆனால் இறாலுக்கு மருந்து இல்லை. சில நாட்களுக்குள் குளமே காலியாகிவிடும். நோயை மறைத்து அவசரமாக அறுவடை செய்து, தண்ணீரைத் திறந்து விட்டால் கீழே இருப்பவரின் முதலும் போய்விடும். பொருளின் குறையை மறைத்தால் வியாபாரத்தில் பரக்கத் நீங்கிவிடும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. இங்கே பரக்கத்தோடு பக்கத்துப் பண்ணையும் சேர்ந்தே போகிறது.

பின்னர் எந்தப் பகுதியில் எந்த மாதம் குஞ்சு விடலாம் என்று நாட்காட்டி வகுத்துச் செய்யும் முறை வந்தது. அந்த ஒழுங்கு நிலைக்க வேண்டுமானால் செய்தி உடனே பரவ வேண்டும். இன்று அதற்குக் கைத்தொலைபேசி போதும். ஓட்டில் வெள்ளைப் புள்ளி கண்டால் ஒரு படம். தீன் தட்டில் தீன் மிஞ்சினால் ஒரு குரல் பதிவு. எழுதப் பஞ்சிப்படுபவரும் பேசி அனுப்புவார்.

இனி யாழ்ப்பாணத் தீவகத்துக்கு வருவோம். அங்கே ஆழமற்ற கடலில் வலை அடைத்துக் கடலட்டை வளர்க்கிறார்கள். சுருவில் போன்ற கரையோரக் கிராமத்தில் இத்தொழிலில் இறங்குபவருக்கு முதல் எதிரி மாரி மழை. மழை வெள்ளம் கலந்து கடல்நீரின் உப்பளவு குறைந்தால் அட்டை தாங்காது. உப்பளவு பார்க்கும் கருவி ஒருவரிடம் இருந்தாலும், அவர் காலையில் பார்த்த அளவை இடம், திகதி, நேரத்துடன் அனுப்பினால் அந்தக் கரையில் உள்ளவர்கள் எல்லோருக்கும் உதவும். திகதி இல்லாத செய்தியை நம்ப வேண்டாம். போன வருடத்துச் செய்தி இந்த வருடமும் வட்ஸ்அப்பில் சுற்றுவதை எல்லோரும் அறிவோம்.

எல்லோரிடமும் நல்ல தொலைபேசி இல்லையே என்பார்கள். 1998 முதல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் நிலையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை இணையத்தில் எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணினி ஒன்றுதான், கேட்டது முழு ஊரும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி உள்ள எமது ஊர்களுக்கு இது புதிதல்ல.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தொலைபேசியில் வரும் வைத்தியம் எல்லாம் வைத்தியமல்ல. மருந்தை விற்பவரே ஆலோசனையும் சொன்னால் இருமுறை யோசியுங்கள். நோய் என்று சந்தேகம் வந்தால் நெக்டா அதிகாரியைக் கேட்பதே முறை.

கொள்வனவு செய்யும் எமது வியாபாரிகளுக்கும் இதில் பங்குண்டு. பத்துப் பண்ணையாளருடன் பேசுபவர் வியாபாரிதான். காய்ந்த கடலட்டை தரத்துக்கேற்ப விலை போகும். எந்த அளவை, எப்படி அவித்து உலர்த்தினால் முதல் தரம் என்று படத்துடன் அனுப்பினால், அடுத்த முறை அவர் கைக்கு வரும் சரக்கு நல்லதாக இருக்கும். விலையையும் சேர்த்து அனுப்பச் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். அனுப்புபவரிடமே பண்ணையாளர் அடுத்த போகத்தையும் கொண்டு வருவார்.